இடது பின்சக்கரம்

"அப்போ பெல்ட் இல்லன்றீங்களா?"

"போன வாரந்தான புதுசு போட்டேன். புது பெல்ட் எப்படிப்பா தீயும்?" மெக்கானிக் அர்ஜுனன் பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்கவில்லை. "உன் மூக்குலதான் கோளாறு, முருகையா. அத வேணா கழட்டிப் பாக்கட்டுமா?"

"வெளிநாட்டம்மா ஒண்ணு ஆசிரமம் போற வழியிலயே எறங்கி நடந்து போயிடுச்சிண்ணா. அதுக்கும் மூக்கு கோளாறா?"

செங்கம் ரோட்டில், தகரக் கூரையின் மேல் தூறல் விட்டு விட்டுத் தட்டிக்கொண்டிருந்தது. மலை மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. முருகையன் தான் வாடகைக்கு ஓட்டும் பழைய அம்பாசிடரின் பக்கத்தில் நின்று அர்ஜுனனின் கைகளையே பார்த்தான். முதலில் பெல்ட் என்றார், மாற்றினார். பிறகு பிரேக் பிடித்துக்கொள்கிறது என்று அதையும் தளர்த்திவிட்டார். ஒவ்வொரு முறையும் நாற்றம் இரண்டு நாள் அடங்கிப் பிறகு திரும்பி வந்தது. பெல்ட் தீய்ந்தால் வரும் காரமான நெடி இல்லை இது. மெல்லக் கசிந்து, சீட்டின் ரெக்ஸினிலும் சட்டைக் காலரிலும் ஒட்டிக்கொண்டு, சாப்பிட உட்காரும்போது சோற்றிலிருந்தும் எழும்பி வருகிற, கொழுப்பு கலந்த ரப்பர் நாற்றம். ஒரு கையால் சரிசெய்து மறுகையால் எதையாவது கெடுத்து வைக்கிறாரோ இந்த மனுஷன்?

வேறு சமயமாக இருந்தால் பொறுத்திருப்பான். மனைவி கஸ்தூரிக்கு இது நிறைமாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி எடுத்த உடனே வேலூருக்குக் கொண்டுபோய்விடு, கொஞ்சம் தாமதித்தாலும் இரண்டு உயிரும் போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அவன் தெருவில் வேறு கார் கிடையாது.

அர்ஜுனன் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

"முருகையா, இங்க வா."

இடது பின்சக்கரத்துக்கு மேலே, மட்கார்டின் உள்விளிம்பு கண்ணாடி போல் தேய்ந்து மின்னியது. அதில் ரப்பர் துகள்கள் கருகி அப்பியிருந்தன.

"டயர் ஒரசுது. அதான் நாத்தம். பின்னாடி இடது பக்கம் ஸ்பிரிங் பட்டை எறங்கிப்போச்சி. அந்த மூலையில யாருப்பா அவ்ளோ கனமா குந்தறது?"

"யாருமில்லண்ணா. வண்டி காலியா வர்றப்பதான் நாத்தம் ஜாஸ்தி."

அர்ஜுனன் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்து முறுக்கினார். தேய்ந்த டயருக்குப் பதில் ஸ்டெப்னியை மாட்டலாம் என்று டிக்கியைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"ஸ்டெப்னி எங்க?"

"மாமனாருக்குக் குடுத்துட்டேன்."

ஐப்பசி மழையில்தான் மாமனார் சடையன் கீழ்பென்னாத்தூரில் செத்துப்போனார். பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் சுடுகாட்டுக்குப் போகக்கூடாது என்று முருகையனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். விறகெல்லாம் நனைந்து கிடக்கிறது, தீ பிடிக்கவில்லை, பழைய டயர் இருக்குமா என்று ஆள் ஓடி வந்தபோது, போக முடியாத தனக்குப் பதிலாக ஸ்டெப்னியை உருட்டிவிட்டான். மருமகன் செய்ய வேண்டியது என்று பெருமையாகக்கூட இருந்தது.

"தேஞ்சி தூக்கிப்போட்ட டயரத்தாண்டா பொணத்துக்குக் குடுப்பாங்க," அர்ஜுனன் குரலைத் தாழ்த்தினார். "ஓடற வண்டியோடத எவனாவது குடுப்பானா? வண்டியவே செத்தவருக்குக் குடுத்துட்ட மாதிரி ஆயிடுமே."

டயர் விற்கப் பார்க்கிறார் என்று முருகையன் நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. அப்படியே வண்டியைக் கிளப்பினான். ஆனாலும் வீடு வரும்வரை மாமனாரின் கடைசி வருகை மனதை விட்டுப் போகவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அடம்பிடித்து, வேலூர் பேச்சையே காதில் வாங்காமல், வெற்றிலை மென்றபடி, "எம் பொண்ண நான் கூட்டினுதாண்டா போவேன்" என்று கத்திவிட்டுப் போனவர். அந்த வாரமே போய்ச் சேர்ந்தார்.

வீட்டு வாசலில் எதிர்வீட்டு சந்திரம்மாள் பையோடு நின்றிருந்தாள். உள்ளே கஸ்தூரி சுவரைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள். வலி வந்துவிட்டது.

போளூர் சாலையில் ஏறியபோது மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. இரண்டு பெண்களும் பின்சீட்டில். வண்டி ஒரு பக்கம் சாயாமல் ஓடியது. நாற்றம் இல்லை. நனைந்த புளியமரங்களும் கரும்பு வெட்டிய வயலும்தான் மணத்தன. அர்ஜுனனைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று முருகையன் வெட்கப்பட்டான்.

"வண்டிய நிறுத்துப்பா," என்றாள் சந்திரம்மாள். "நான் முன்னாடி வந்துடறேன்."

"ஏன்க்கா?"

"பின்னாடி நெருக்கமா இருக்குது."

இரண்டு பேர்தானே. முருகையன் ஓரமாக நிறுத்தினான். அவள் முன்சீட்டுக்கு வந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பின்னால் திரும்பவே இல்லை.

வண்டி நகர்ந்தது. இடது பக்கம் தணிந்தது.

மெதுவாக. ஒரு ஆள் ஏறி உட்காருவது போல.

சரக். சரக். டயர் உரசியது.

பிறகு அந்த நாற்றம். ரப்பர். கொழுப்பு. நனைந்த விறகின் புகை.

நிறுத்தக்கூடாது. வேலூர் போய்ச் சேர வேண்டும். அவன் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான்.

"கஸ்தூரி?"

கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தான். அவ்வளவு பெரிய சீட்டில் கஸ்தூரி வலது கதவோடு ஒட்டி, நசுங்கி, வயிற்றை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடது பக்கம் ரெக்ஸின் ஆழமாகக் குழிந்திருந்தது. குழியின் ஓரங்களில் கொப்புளங்கள் எழும்பின. அவளுடைய புடவைத் தலைப்பு அந்தப் பக்கமாக விறைத்து நீண்டிருந்தது. எதுவோ அதைப் பிடித்திருந்தது.

அவள் கண் திறக்கவில்லை. சின்ன வயசில் பேசியிருக்கக்கூடிய குரலில் கேட்டாள்.

"அப்பா, ரொம்ப சுடுது. கைய எடுப்பா. கொஞ்சம் நவுந்து குந்துப்பா."