வெள்ளை வண்டிக்கு ஒரு விலை

கண்ணாடிக்காரர் அந்தத் தெருக்கோடி வீட்டின் முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தியபோது பகல் மூன்று மணி. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் நின்றது அவர் பார்க்க வந்த வண்டி: வெள்ளை டீசல் பிக்கப், பதினான்கு வருடம் ஓடியது.

வாடகை வண்டிக்காரர்களிடம் பட்டது போதும் என்றாகியிருந்தது அவருக்கு. கண்ணாடியை அளந்து, அறுத்து, விளிம்பு தேய்த்துப் பார்த்துப் பார்த்து ஏற்றிவிடுவார். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், ஒரு வார உழைப்பு சில்லு சில்லாகக் கிடக்கும். இனி சொந்த வண்டிதான் என்று முடிவு செய்துவிட்டார். கையில் மூன்று லட்சம் இருந்தது. விளம்பரத்தில் கேட்டிருந்தது நான்கு.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயது இருக்கலாம். சாவியை நீட்டினாள்.

"பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே. நான் இங்கயே நிக்கிறேன்."

"யார் ஓட்டின வண்டிம்மா?"

"எங்க வீட்டுக்காரர். இப்ப இல்ல."

அதற்குமேல் கேட்பது மரியாதையாக இருக்காது என்று அவர் கொட்டகைக்குள் போனார். மெக்கானிக் வேலை பார்க்கும் மச்சானுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"முதல்ல பானெட்டைத் தொட்டுப் பாருங்க மாமா. சூடா இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

தொட்டார். தகரக் கூரைக்குக் கீழே அடுப்பு போல வெந்துகொண்டிருந்த அந்தக் கொட்டகையில் பானெட் மட்டும் சில்லென்றிருந்தது. கையில் ஈரம் ஒட்டியது.

சாவியைத் திருப்பினார். மூன்றாவது முயற்சியில் எஞ்சின் பிடித்தது. கொஞ்சம் வெள்ளைப் புகை, பிறகு அதுவும் அடங்கியது. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார், புகை பீறிடவில்லை.

"சத்தம் கொஞ்சம் அதிகமா இருக்கே மாப்ள?"

"டீசல் வண்டின்னா மாமியார் மாதிரி மாமா. சத்தம் போட்டுட்டே இருந்தா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்."

பின் டயர் இரண்டும் வழுக்கை. கிளட்ச் ரொம்ப மேலே வந்து பிடித்தது. மனதுக்குள் ஐம்பதாயிரத்தைக் கழித்துக்கொண்டார். எஞ்சினை அணைத்ததும்தான் அந்த வாடையைக் கவனித்தார். பாசி வாடை. மூடியே வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் வருமே, அது.

சொன்னதும் மச்சானின் குரல் மாறியது. "சீட் பெல்ட்டை முழுசா வெளிய இழுங்க மாமா."

இழுத்தார். முதல் இரண்டு முழம் கறுப்பு. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் காய்ந்த சேறு அப்பிய பழுப்பு.

"தண்ணில முழுகின வண்டி. பாதிக்கு மேல ஒரு ரூபா பேசாதீங்க."

கண்ணாடிக்காரர் தலையை நிமிர்த்தினார். ஓட்டுநர் கதவுக்கு மேலே, கூரைத் துணியில் கீறல்கள். நான்கு நான்காக. ஒன்றின் மேல் ஒன்றாக.

விரல்கள்.

சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். இருந்தாலும் தொழில் பழக்கம் விடவில்லை. இறங்கி அவளிடம் போவதற்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தார்.

"வண்டி தண்ணிக்குள்ள போயிருக்கேம்மா."

"ஏரில. போன மழைக்கு. ரோடு தெரியல அவருக்கு."

"அவர்..."

"உள்ளதான் இருந்தார்."

அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். வீட்டுக்கே திரும்பியிருக்கலாம். ஆனால் நாக்கு முந்திக்கொண்டது. "அப்ப நாலெல்லாம் தேறாதும்மா. டயரு, கிளட்சு மாத்தணும். விஷயம் தெரிஞ்சா யாரும் கிட்டகூட வரமாட்டாங்க. ஒண்ணரை தரேன்."

அவள் அவரையே பார்த்தாள்.

"டயரு, கிளட்சு... அவரையும் சேத்துக் கழிச்சுட்டீங்களாண்ணே?"

அவருக்கு முகம் சுட்டது. "சரி, ஒண்ணரைக்கே எடுத்துக்குங்க. வண்டிப் புத்தகத்தை எடுத்துட்டு வர்றேன்" என்று அவள் உள்ளே போனாள்.

ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று மறுபடி ஏறி எஞ்சினைக் கிளப்பினார். கதவைச் சாத்தினார். பழைய கதவு அடித்துச் சாத்தினால்தான் மூடும். இது தானாக, மெதுவாக, இழுத்ததுபோல் மூடிக்கொண்டது.

எஞ்சின் சத்தம் தேய்ந்தது. அணையவில்லை, மீட்டர் முள் துடித்துக்கொண்டுதான் இருந்தது. காதுக்குள் தண்ணீர் புகுந்தால் வெளிச்சத்தம் எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டது.

டக். அவர் பக்கத்துப் பூட்டு இறங்கியது.

டக். அந்தப் பக்கத்துப் பூட்டும்.

கணுக்காலில் ஏதோ சில்லென்று ஏறியது. குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை. தரை விரிப்பில் தூசி. ஆனால் கால்சட்டை முழங்கால்வரை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

பூட்டை இழுத்தார். அசையவில்லை. கண்ணாடி இறக்கும் கைப்பிடியைச் சுற்றினார். அது பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஹார்னை அழுத்தினார். சத்தம் வரவில்லை.

கண்ணாடிகளில் பனி படிய ஆரம்பித்தது. கீழேயிருந்து மேலே, நேர்கோடாக.

சட்டைப் பையிலிருந்து மச்சான் கேட்டான். "மாமா? ஏன் மாமா தண்ணிச் சத்தம் கேக்குது?"

அதோடு போன் அணைந்தது.

பக்கத்து இருக்கை அமுங்கியது. ஒரு ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு.

"எவ்வளவு?"

காதோரம், ஈரமான குரல்.

"நாலு... நாலே தந்துடறேன்."

குளிர் இடுப்பைத் தாண்டி நெஞ்சுக்கு வந்தது. மூச்சு குட்டை குட்டையாகப் போயிற்று.

"எவ்வளவு?"

"வண்டியே வேண்டாம்பா! என்னை விட்டுடு!"

பிறகு அதே குரல், களைத்துப்போய்:

"இன்னும் எவ்வளவு நேரம்?"

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அது விலை கேட்கவில்லை.

குளிர் கழுத்துக்கு வந்தது. கண்ணாடிக்காரர் முகம் கூரையோடு ஒட்ட அண்ணாந்து, இரண்டு கையாலும் கண்ணாடியைக் குத்தினார். முப்பது வருடமாக எத்தனையோ கண்ணாடி அவர் கையில் உடைந்திருக்கிறது. இது உடையவில்லை. பனி படியாமல் மிச்சமிருந்த நாலு விரல் இடைவெளி வழியாக, அவள் புத்தகத்தோடு வருவது தெரிந்தது.

வந்தாள். நின்றாள்.

நின்றுகொண்டே இருந்தாள்.

அவள் பார்வை அவர்மேல் இல்லை. பக்கத்து இருக்கையின் மேல் இருந்தது.

கையிலிருந்த புத்தகம் கீழே விழுந்தது. அவள் ஓடி வந்து, பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை உருவி, இரண்டு கையாலும் தூக்கி, அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் அடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது அடியில் கண்ணாடி சர்க்கரையாகக் கொட்டியது.

எஞ்சின் சத்தம் ஒரேயடியாகக் காதில் வந்து மோதியது. வண்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் மட்டும் தலைமுதல் கால்வரை சொட்டிக்கொண்டிருந்தார். இருமியபோது வாயிலிருந்து பாசி வந்தது.

அவள் உள்ளே கை விட்டுப் பூட்டைத் தூக்கி, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"வாங்க" என்றாள் மெல்ல. "இறங்குங்க. கண்ணாடி கிடக்கு, பாத்து."

கண்ணாடிக்காரர் இந்தப் பக்கம் இருந்தார். அவள் கை நீட்டியது அவருக்கு இல்லை.

அமுங்கியிருந்த இருக்கை எழும்பியது. வண்டி அந்தப் பக்கமாக ஒரு விரற்கடை உயர்ந்தது.

"அவர் முழுகின அன்னிக்கும் கரையில கல்லு கிடந்துதுண்ணே" என்றாள் திரும்பாமலே. "கையில எடுத்தும் வெச்சிருந்தேன். தண்ணில இறங்கத்தான் பயமா இருந்துது." ஒருவரைத் தாங்கிப் பிடித்தாற்போல் கையை வளைத்துக்கொண்டு, மெதுவாக, அவர் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

மூன்று நாள் காய்ச்சல் கண்ணாடிக்காரருக்கு. வண்டி சரியில்லை என்று மட்டும் மனைவியிடம் சொன்னார். மச்சான் கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை. ஆனால் நாலாவது நாள் படுக்கையை விட்டு எழுந்ததும் ஒன்று உறுத்தியது. அவள் யாருக்காக உடைத்திருந்தாலும், தன் உயிர் தப்பியது அந்தக் கண்ணாடி உடைந்ததால்தான். அதைப் போட்டுக் கொடுக்காவிட்டால் இந்தத் தொழில் எதற்கு? பழைய சாமான் கடையில் அந்த வண்டிக்குப் பொருந்தும் கதவுக் கண்ணாடியைத் தேடி வாங்கிக்கொண்டு, நடுப்பகலில் போனார்.

மாட்டி முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள். முகம் தெளிந்திருந்தது.

"வண்டி இப்ப காலிண்ணே. உங்களுக்குத் தோணுற விலையைக் குடுங்க."

உள்ளே ஏறி உட்கார்ந்து பார்த்தார். வெந்த தகரமும் டீசலும்தான் மணத்தன. பூட்டு ஏறியது, இறங்கியது. கண்ணாடியும் இறங்கியது.

"நாலு" என்றார். "மூணு இப்ப தரேன். மிச்சம் ஆறு மாசத்துல."

அவள் தலையாட்டினாள். "வந்ததோட இன்னொரு சின்ன வேலைண்ணே. பின்னறை ஜன்னல்."

வீட்டைச் சுற்றிக் கூட்டிப்போனாள். சுவர் தொட முடியாமல் காய்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி மட்டும், உட்பக்கம், மேல்விளிம்புவரை பனி மூடிக் கிடந்தது.

"திறக்க வரலையாம்மா?"

"திறக்க வேண்டாம்ண்ணே. ஓரத்துல இடுக்கு இருக்கு, அதை அடைச்சுக் குடுங்க. கதவை நான் பாத்துக்கிட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "மறுபடி போயிடக் கூடாதில்ல."

இடுக்கு அடைக்கும் சிலிக்கோன் பசைக் குழாயைப் பையிலிருந்து எடுத்தவர், அதன் மூடியைத் திறக்காமலே நின்றார்.

கண்ணாடியின் நடுவே, உள்ளேயிருந்து, பனி விலகியது. ஒரு உள்ளங்கை அகலத்துக்கு. அதற்குப் பின்னால் இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை.

அவள் தன் கையை நீட்டி, அந்த இடத்தை வெளியிலிருந்து மூடினாள்.

"சீக்கிரம்ண்ணே" என்றாள்.