பதினோரு தடவை கட்டிய ஷூ லேஸ்

மாமா மலை ஏறப் புறப்பட்டால், மலை கொஞ்சம் குனிந்துகொள்ளும். இது மாமாவே சொன்னது. இதுவரை ஏழு மலை ஏறியிருக்கிறாராம். ஏழாவது மலையின் உச்சியில் நிலா அவர் தோளில் இடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டதாம்.

"நிலா பேசுமா மாமா?" என்று கேட்டாள் சுண்டெலி.

"அவ்வளவு உயரத்துல எல்லாமே பேசும்," என்றார் மாமா.

சுண்டெலிக்குப் பத்து வயது. வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இதுதான் அவளுடைய முதல் மலை. அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டு அனுப்பியிருந்தாள்.

"முடியலைன்னு நீ ஒரு தடவை சொன்னதா என் காதுல விழுந்துச்சு, அப்புறம் மலையைப் படத்துலதான் பார்ப்பே!"

அடிவாரத்தில் நான்கு பேர் நின்றார்கள். சுண்டெலி, மாமா, பெரிய மீசை வைத்த பல் டாக்டர் ஒருவர், அப்புறம் வழிகாட்டி அக்கா.

"என்கிட்ட ஒரு வழக்கம் உண்டு," என்றாள் அக்கா. "யார் ரொம்ப மெதுவா நடப்பாங்களோ, அவங்க எனக்கு அடுத்து வரணும். மத்தவங்க அவங்க வேகத்துக்குத்தான் நடக்கணும். அப்பத்தான் யாரும் பின்தங்க மாட்டாங்க. ஆனா அது யாருன்னு நான் கை காட்ட மாட்டேன். நீங்களே சொல்லணும்."

யாரும் வாயைத் திறக்கவில்லை. பல் டாக்டருக்கு அடுத்தவர் வாயைத் திறந்துதான் பழக்கம்.

"நான் கடைசியா வர்றேன்," என்றார் மாமா. "என்னை முன்னாடி விட்டா, நீங்கள்லாம் ஓடி வரவேண்டியிருக்கும்."

முதல் இரண்டு மணி நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு மழை வந்தது. கூடவே காற்றும் வந்தது. அது பல் டாக்டரின் மீசையில் வலது பாதியை இடது பக்கத்துக்குத் தள்ளிவிட்டுப் போனது. அதற்கப்புறம் மூடுபனி. எவ்வளவு கெட்டி என்றால், டாக்டர் தன் ஈரத் தொப்பியைக் கழற்றி அதில் மாட்டினார். தொப்பி அப்படியே நின்றது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம், இன்னும் அங்கேதான் தொங்கும்.

மாமாவின் பையில் ஒரு தகர டம்ளர் தொங்கியது. அவர் காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் 'டங்' என்று சத்தம் வரும். காலையில் அது 'டங் டங் டங்' என்று வந்தது. இப்போது 'டங்...' பிறகு ரொம்ப நேரம் கழித்து இன்னொரு 'டங்...'

சுண்டெலி திரும்பிப் பார்த்தாள். மாமா நொண்டிக்கொண்டிருந்தார். அவள் பார்ப்பது தெரிந்ததும் நிமிர்ந்து விசில் அடித்தார்.

"கால் வலிக்குதா மாமா?"

"எனக்கா? யாரைப் பார்த்து என்ன கேள்வி கேட்கிறே!" என்று சொல்லி, மாமா வேகமாக எட்டு அடி வைத்தார். ஒன்பதாவது அடி ஈரப் பாறையில் வழுக்கியது. நல்லவேளை, கையில் ஒரு வேர் சிக்கியது. பாதையின் அந்தப் பக்கம் வெறும் பள்ளம்.

சுண்டெலி யோசித்தாள். கேட்டால் மாமா வேகமாக நடக்கிறார். கேட்காவிட்டால் பின்தங்குகிறார். இந்தப் பனியில் பத்தடி பின்தங்கினால் போதும், ஆள் இருக்கும் இடமே தெரியாது.

அவள் அம்மாவை நினைத்துக்கொண்டாள்.

"அக்கா, என்னால முடியல. நான் முன்னாடி வர்றேன்."

"அதானே பார்த்தேன்!" என்றார் பல் டாக்டர். "பால் பல்லு விழாத பிள்ளையெல்லாம் எதுக்கு மலைக்கு வரணும்?"

"எனக்கு எட்டுப் பல்லு விழுந்தாச்சு," என்றாள் சுண்டெலி.

அவள் முன்னால் போனாள். காதை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டாள். 'டங்' என்றால் ஓர் அடி வைப்பாள். சத்தம் நின்றுபோனால் சட்டென்று குனிந்து, "இருங்கக்கா, ஷூ லேஸ் அவிழ்ந்துடுச்சு," என்பாள். பின்னால் மாமா மூச்சு வாங்கி முடித்து, மறுபடி 'டங்' என்றதும் எழுந்துகொள்வாள்.

பதினோராவது தடவை குனிந்தபோது அக்காவும் பக்கத்தில் குனிந்தாள். சுண்டெலியின் ஷூவைப் பார்த்தாள். அதில் லேஸே இல்லை. பட்டையை இழுத்து ஒட்டுகிற ஷூ.

அக்கா பின்னால் இருந்த மூடுபனியைப் பார்த்தாள். அதற்குள்ளிருந்து வந்த டம்ளர் சத்தத்தைக் கேட்டாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "மழையில இந்த லேஸ் ஒரு இடத்துல நிக்காது. நல்லா நிதானமா கட்டு," என்றாள்.

இருட்டுவதற்குள் மலைக் குடிசைக்கு நான்கு பேரும் வந்து சேர்ந்தார்கள். அடுப்பு மூட்டியதும் மாமா ஒரு மூலையில் திரும்பி உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். குதிகாலில் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. சுண்டெலி ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று மெல்லக் கேட்டார் மாமா.

"நீங்க விசில் அடிச்சப்பவே."

"ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"சொல்லியிருந்தா இன்னும் வேகமா நடந்திருப்பீங்க."

மாமா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. காலை மெல்ல வெந்நீரில் வைத்தார்.

"உங்கம்மா கேட்டா என்ன சொல்லப் போறே?"

"முடியலைன்னு சொன்னேன்னுதான். சொன்னேனே!"

"இல்லை. உங்க தம்பிக்குத்தான் முடியலை, உங்க பொண்ணுதான் கூட்டிட்டு வந்தாள்னு நான் சொல்றேன். உங்கம்மா திட்டினா, திட்டு எனக்கு. மலை உனக்கு."

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. இறங்குவதற்கு எல்லாரும் தயாரானார்கள்.

"இன்னிக்கு யார் எனக்கு அடுத்து?" என்று கேட்டாள் வழிகாட்டி அக்கா.

துணி சுற்றிய காலோடு மாமா நொண்டி நொண்டி முன்னால் வந்து நின்றார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"நான்தான்! மெதுவா நடக்கிறதுல என்னை அடிச்சுக்க இந்த உலகத்துல ஆள் கிடையாது. போன தடவை ஒரு நத்தை என்னைத் தாண்டிப் போயி, திரும்பிப் பார்த்து, 'கை கொடுக்கட்டுமா'ன்னு கேட்டுச்சு!"

சுண்டெலி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று அவர்கள் இறங்கிய வேகத்தைப் பார்த்தவர்கள், நத்தை விஷயத்தில் மாமா ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை என்றுதான் சொல்வார்கள்.