தானாக அமுங்காத பட்டன்

பட்டன் திரையில் தோன்றிய அதே நொடியில் மணி அடித்துவிட்டது. யாரும் அதைத் தொடவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு புரோகிராமை மறுபடி ஓட்டிப் பார்த்தார். மறுபடி டிங். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் பட்டன்களோடு குடும்பம் நடத்தியவர். கம்ப்யூட்டரில் பெற்ற முதல் பட்டனே இப்படிப் பிறந்ததில் அவருக்குக் கொஞ்சம் வெட்கம்தான். வெளியூரில் புரோகிராமராக இருக்கும் மச்சினனை போனில் பிடித்து விஷயத்தைச் சொன்னார்.

"அடைப்புக்குறியை எடுங்க மாமா. பட்டன்கிட்ட வேலையோட பேரை மட்டும் சொல்லணும். பக்கத்துல அடைப்புக்குறி போட்டா, பட்டனைச் செய்யறப்பவே வேலையும் நடந்துடும். முதல் நாள் எல்லாரும் பண்ற தப்புதான்."

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன மாப்ளே? வீட்டுல பேய் பூந்துடுச்சோன்னு பாத்தேன்."

"உங்களைப் பாத்தா அது தலைதெறிக்க ஓடிடும். புரோகிராமோட கடைசி வரியை மறந்துடாதீங்க. அது இல்லேன்னா திரையில வர்ற ஜன்னல் வந்த வேகத்துல மறைஞ்சுடும். இருந்தாத்தான், யாராவது தொடுவாங்களான்னு காத்துக்கிட்டே கிடக்கும்."

"யாராவதுன்னா?"

"யாரா இருந்தாலும்தான். அதுக்கு ஆள் தெரியுமா என்ன?"

எல்லாம் அவர் மனைவிக்காக, மச்சினனின் அக்காவுக்காக. பக்கவாதம் வந்து நாலு மாதம். பேச்சு போய்விட்டது. வலது ஆள்காட்டி விரல் மட்டும் அசையும். ஆமாம் என்றால் ஒரு கண்சிமிட்டல், இல்லை என்றால் இரண்டு. போன வாரம் அவர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்குச் சளி அடைத்து முகம் நீலம் பாரித்துவிட்டது. தற்செயலாகக் கீழே வந்ததால் ஆள் பிழைத்தாள். அன்றிலிருந்து அவர் குளியலறைக் கதவைக்கூடச் சாத்துவதில்லை. அதனால்தான் இந்த வயதில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழிப் படிப்பும், திரையில் ஒரு ஜன்னலும், அதில் 'கூப்பிடு' என்று ஒற்றைப் பட்டனும்.

அடைப்புக்குறியை எடுத்ததும் பட்டன் சமர்த்தாகிவிட்டது. தொடுதிரையை அவள் விரலுக்கடியில் சாய்த்து வைத்தார். அழுத்தினாள், பட்டன் அமுங்கியது. விரலை எடுத்தாள், அது எழும்பி மணியடித்தது. அவர் சமையலறையிலிருந்து ஓடி வந்தார். பாதி வாயால் சிரித்தாள். மறுபடி கூப்பிட்டாள். பதின்மூன்று தடவை. கல்யாணமான புதிதில்கூட அவர் இப்படி ஓடி வந்ததில்லை. கடைசியில் விரலை எடுக்காமல் அழுத்தியே பிடித்திருந்தாள்.

"என்னடி, கதவைத் திறந்து பிடிச்சிருக்கியா? பின்னாடி இன்னும் ஆள் வருதா?" என்றார். லிஃப்டில் எவராவது பட்டனை விடாமல் பிடித்திருந்தால் வேறு காரணமே இருக்காது.

மூன்று மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் தூங்கிவிட்டாள். குளிருமே என்று அவள் கை இரண்டையும் போர்வைக்குள் செருகி, திரையை எட்ட இருந்த மேஜையில் வைத்துவிட்டு, தூங்குகிறவளுக்கு இரண்டு நிமிஷத்தில் என்ன ஆகிவிடும் என்று, துணி எடுக்க மாடிக்குப் போனார். முதல் தூறலில் சூடான சிமென்ட் தரையிலிருந்து ஆவி கிளம்பி மூக்கில் ஏற, ஈரப் போர்வையைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டிருந்தபோது, கீழே மணி அடித்தது.

துணியைப் போட்டுவிட்டு ஓடினார்.

அவள் விழித்திருந்தாள். போர்வை கலையவில்லை. இரண்டு கைகளும் உள்ளேதான்.

"நீயா கூப்ட்டே?"

இரண்டு சிமிட்டல்.

மச்சினனை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். "அடைப்புக்குறியை எடுத்தாச்சுடா. அப்பவும் அடிக்குது."

"பட்டன் அமுங்குச்சா, மணி மட்டும் அடிச்சுதா? அதைப் பாருங்க மாமா. நாம எழுதினதுல தப்பு இருந்தா மணி மட்டும்தான் அடிக்கும், பட்டன் அசையாது. விரல் பட்டாத்தான் அமுங்கும்."

"சரி, பாக்கறேன். லைன்லயே இரு."

காற்றில் படபடக்காதபடி அறைக்கதவைச் சாத்தினார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, போர்வைக்குள்ளிருந்து அவள் கைகளை எடுத்துத் தம் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். தைல வாடை. கம்ப்யூட்டர் விசிறியின் முனகல், ஜன்னல் கண்ணாடியில் மழை, போனில் மச்சினன் மூச்சு விடும் சத்தம். திரையின் வெளிச்சம் எதிர்ச்சுவரில் விழுந்து ஒரு வெள்ளைக் கட்டமாக நின்றது.

அந்தக் கட்டத்தின் ஓரம் கறுத்தது. யாரோ திரைக்குக் குறுக்கே வந்ததுபோல.

அவள் கைகளை இறுக்கிப் பிடித்தார். இரண்டும் இருந்தன.

பட்டன் அமுங்கியது.

எழும்பவில்லை. மணியும் அடிக்கவில்லை.

"மாமா? அமுங்குதா?"

அவர் மனைவி பக்கம் குனிந்தார். காற்றாகத்தான் வார்த்தை வந்தது. "யாராவது... இருக்காங்களா?"

ஒரு சிமிட்டல்.

சாத்தியிருந்த கதவின் கைப்பிடி இறங்கியது. கதவு மெல்லத் திறந்தது. வாசலில் யாரும் இல்லை.

அவள் கண்கள் வாசலுக்குப் போயின. அங்கிருந்து நகர்ந்து, கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றன. மறுபடி வாசலுக்கு. அங்கிருந்து தலைமாட்டுக்கு. மறுபடி வாசல். அவர் தோளுக்குப் பின்னால். மறுபடி வாசல்.

"மாமா, லைன்ல இருக்கீங்களா?"

பட்டன் அமுங்கியே இருந்தது.