முதல் வருசத்துச் சட்டை

வாசல் மிதியடி இன்றைக்கும் நனைந்திருந்தது.

பற்றிமா குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். நவம்பர் மாதத்தில் டோர்ட்மண்டில் மழை பெய்யாமல் இருப்பதே பெரிய விசயம், ஆனால் காலையிலிருந்து ஒரு துளிகூட விழவில்லை. மாடிப்படிகள் காய்ந்து கிடந்தன, பக்கத்து வீட்டு ஜெர்மன்காரியின் மிதியடி காய்ந்து கிடந்தது, இவளுடையது மட்டும், அதுவும் கதவுக்கு உள்ளே கிடப்பது, பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஊறியிருந்தது. நடுவில் ஒரு வெறுங்காலின் குதி அழுந்திய பள்ளம். விரலை மூக்கருகே கொண்டுபோனவள், வேண்டாமென்று கவுணில் துடைத்துக்கொண்டாள்.

கோடையில் போன சுற்றுலாவிலிருந்து திரும்பிய நாள் தொடங்கி இப்படித்தான். குழாய் திருத்துகிறவன் வந்து, உடுப்புத் தோய்க்கும் மெசினை நகர்த்திப் பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்து, எங்கும் ஒழுக்கில்லை என்று தலையாட்டிவிட்டுப் போனான். அவன் போன கையோடு மறுபடியும் நனைந்தது.

போன கிழமை குளிர்காலத்துக்கென்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பியதிலிருந்து, பின்னேரத் தேத்தண்ணி ஆறுவதற்குள் இருட்டிவிடுகிறது. பற்றிமா குசினி லைற்றைப் போட்டாள். நடைக்கூடத்து லைற்றையும் போட்டாள். குளியலறைக் கதவு திறந்திருந்தது. அதை இழுத்துச் சாத்தினாள். அப்போதுதான் தொலைபேசி அடித்தது. மகள் நடாலி.

"அம்மா, வெளிக்கிட்டிட்டீங்களோ? பூசைக்கு நேரமாகுது."

"நான் வரேல்லப் பிள்ளை. கால் நோகுது."

"கால் நோகேல்ல உங்களுக்கு. கோயில் பக்கத்துத் தெருதானே." நடாலி மூச்சை இழுத்து விடுவது கேட்டது. "இண்டைக்கு மரிச்ச ஆக்களின்ர திருநாள். தம்பியின்ர பேரையும் குடுத்திருக்கிறன். சாமியார் மற்றப் பேருகளோட வாசிப்பார்."

பற்றிமாவுக்குக் காது அடைத்தது. "ஆரைக் கேட்டுக் குடுத்தனி?"

"ஒருத்தரையும் கேக்கேல்ல. கேட்டா விடுவீங்களோ?"

"அவன் சாகேல்ல."

"எத்தினை வருசமா அம்மா? அவனுக்குப் பிறந்தநாளுக்குச் சட்டை வாங்கிறீங்கள். அவனுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிறீங்கள். இருக்கிற பிள்ளை நான். என்ர பிறந்தநாள் எப்ப எண்டு சொல்லுங்கோ பாப்பம்." பற்றிமாவின் கண் சுவர்க் கலண்டரைத் தேடியது. "சரி. நான் பூசை தொடங்க எடுப்பன். போனை மடியில வைச்சிருப்பன். வர ஏலாட்டிக் கேக்கவாவது செய்யுங்கோ."

அந்தச் சுற்றுலாவும் நடாலியின் ஏற்பாடுதான். அவள் ஒரு சின்னப் பயண முகவர் நிலையத்தில் வேலை செய்கிறாள். ஓய்வெடுத்த ஜெர்மன்காரர்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து வடக்கு அவுஸ்திரேலியாவின் வெப்பமண்டலக் காடுகளுக்கு அனுப்புவதும், அந்த மண்ணின் ஆதிக்குடிகளைக் கொண்டே அவர்களுக்கு அதைச் சுற்றிக் காட்டுவதும் அவர்களின் தொழில். வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் விசர் பிடிக்கும் என்று அம்மாவையும் இழுத்துக்கொண்டு போனாள். முகத்தில் கடிபடாமல் நுளம்புவலை போட்ட தொப்பிகளோடு கிழவர் கிழவிகள், ஒரு சின்ன பஸ், முதலைகள் மரக்கட்டைபோல் கிடந்த ஆறு, அல்லி பூத்த நீர்நிலைகள், பாறைகளில் செங்காவியால் வரைந்த மீன்கள், காய்ந்த புல்லை அந்த ஊர் ஆட்களே கொளுத்திவிட்டதால் நாள் முழுக்கத் தொண்டையில் நின்ற புகை.

வழிகாட்டி நடாலியின் வயதுப் பெண். வாயைத் திறந்தால் பகிடிதான். முதல் நாள் நீர்நிலைக் கரையில் மட்டும் பகிடியை விட்டுவிட்டாள். தண்ணீரைக் கையில் அள்ளி ஒவ்வொருவரின் உச்சந்தலையிலும் வைத்தாள். புதிய ஆட்கள் வந்தால் யாரென்று நிலத்துக்குச் சொல்லவேண்டும், உங்கள் பெயரையும் உங்கள் வீட்டு ஆட்களின் பெயரையும் சொல்லுங்கள், நான் என் மொழியில் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றாள். ஜெர்மன்காரர்கள் வெட்கப்பட்டு முணுமுணுத்தார்கள். பற்றிமா வெட்கப்படவில்லை. தன் பெயர், மகள் நடாலி, மகன் கொட்வின் என்றாள். எந்த விண்ணப்பத்திலும் எந்தச் செபத்திலும் அவள் அப்படித்தான் சொல்வது.

மகன் எங்கே, வரவில்லையா என்று அந்தப் பெண் கேட்டாள். பிறகு வருவான் என்றாள் பற்றிமா. உயிரோடுதானே இருக்கிறான் என்று அந்தப் பெண் மறுபடி கேட்க, பற்றிமா "ஓம்" என்றாள். நடாலி தாயின் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அதையும் மொழிபெயர்த்தாள்.

அந்தப் பெண் தண்ணீரை நோக்கிக் குரலெடுத்துக் கூப்பிட்டாள். எல்லாப் பெயர்களுக்கும் பிறகு அவன் பெயர் தண்ணீரின்மேல் போய், அக்கரை மரங்களில் பட்டுத் திரும்பி வந்தது. ஒருத்தர் வாயிலிருந்து தன் பிள்ளையின் பெயர் அவ்வளவு உரத்து வந்ததைக் கேட்டு எத்தனையோ காலம். பற்றிமாவின் நெஞ்சு நிறைந்துபோனது. மன்னாரில் பிள்ளைகளைக் கடலில் குளிக்கவிட்டுக் கூட்டிவந்த பழக்கத்தில், எழும்பும்போது தண்ணீரைப் பார்த்து, "வா ராசா, போவம்" என்றாள்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இருக்கை காயவே இல்லை. குளிர்சாதனம் ஒழுகுகிறது என்று ஒரு ஜெர்மன் கிழவி பயணம் முடியுமட்டும் முறைப்பாடு சொன்னாள்.

அடுத்த நாள் பாறை ஓவியங்களின் முன்னால் அந்தப் பெண், தங்கள் ஆட்கள் இறந்தவரின் பெயரைச் சொல்வதில்லை என்றாள். போனவரைப் போகவிடவேண்டும், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். நடாலியின் முகம் வெளிறியது. அந்தப் பெண்ணைத் தனியே கூட்டிப்போய் எதையோ சொன்னாள். திரும்பி வந்த அந்தப் பெண்ணிடம் பகிடி இல்லை. கோபம்தான் இருந்தது.

"முதலே சொல்லியிருக்க வேணுமாம் அம்மா," என்றாள் நடாலி தமிழில். "உயிரோட இருக்கிறவன் எண்டுதானாம் தான் சொல்லிவிட்டவ. இது தங்கட காரியம் இல்லையாம். எங்கட ஆக்களுக்கு ஒரு முறை இருக்குமே, அதைப் போய்ச் செய்யட்டாம்."

"அவன் சாகேல்ல," என்றாள் பற்றிமா.

இப்போது குசினியில் பிட்டு அவிந்துகொண்டிருந்தது. தமிழ்க் கடையில் வாங்கிய பாரை மீனைக் குழம்பு வைத்திருந்தாள், கொட்வினுக்குப் பிடித்தது. இரண்டு தட்டு எடுத்து மேசையில் வைத்தாள். ஆவி யன்னல் கண்ணாடியில் படிந்தது. பிட்டு வாசத்தையும் குழம்பு வாசத்தையும் ஒதுக்கிக்கொண்டு அந்த இன்னொரு மணம் வந்தது, நடைக்கூடத்திலிருந்து, மெதுவாக.

சப்பாத்தில் ஒட்டிவந்த அவுஸ்திரேலியச் சேறு என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். சப்பாத்தைக் கழுவினாள், பிறகு எறிந்தேவிட்டாள், மணம் போகவில்லை. இன்றைக்கு முதல்முறையாகக் கண்ணை மூடிக்கொண்டு அதை உள்ளே இழுத்தாள். அல்லிக் குளம் இப்படி மணக்காது. இது உப்பு. அழுகிய நண்டு, கண்டல் வேர், எரிந்த ரயர், ஆயிரம் பேர் கழுத்தளவு தண்ணீரில் நடந்து கலக்கிய கறுத்தச் சேறு. இது நந்திக்கடல்.

யுத்தத்தின் கடைசி நாளில் அவளும் கொட்வினும் அந்த நீரேரியைக் கடந்துதான் வெளியே வந்தார்கள். வந்த ஈரம் காயுமுன்பே சீருடைக்காரர்கள் ஒலிபெருக்கியில் பெயர்கள் வாசித்தார்கள். அவன் பெயர் வந்தது. பள்ளிக்கூடத்தில் வரவு கூப்பிடும்போது தூக்குவதைப்போலக் கையைத் தூக்கினான். விசாரித்துவிட்டு விடுவார்கள் என்றார்கள். பஸ்ஸில் ஏறும்போது அவன் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பற்றிமா சின்ன அறைக்குப் போனாள். அலுமாரி நிறைய அவனுடைய சட்டைகள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒன்று, வயதுக்கேற்ற அளவில். முதலாவது வவுனியா முகாம் வாசலில் வாங்கிய நீலக் கட்டம் போட்டது, பத்தொன்பது வயது ஒல்லிப்பயலுக்கு. பிறகு இங்கே வந்து வாங்கியவை தோள் அகன்றுகொண்டே போயின. கடைசியாக வாங்கியது நல்ல பெரிது. இப்போது அவனுக்கும் தகப்பனைப்போல வயிறு வைத்திருக்கும் என்று அதைத் தடவித் தடவிச் சிரித்திருக்கிறாள்.

அலுமாரிக் கதவைத் திறந்தாள். பெரிய சட்டைகள் எல்லாம் வரிசையாக, காய்ந்து, மடிப்புக் கலையாமல் தொங்கின. ஓரத்தில் ஒரு கொழுவி வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே தரையில் தண்ணீர்.

நீலக் கட்டச் சட்டையைக் காணவில்லை.

திருடனாக இருந்தால் நல்லது என்று நினைத்தாள். கர்த்தரே, திருடனாக இருக்கட்டும். அவன்தான் வந்தானென்றால், வளர்ந்த பிள்ளை வளர்ந்தவனுக்கு வாங்கிய சட்டையைத்தானே எடுத்திருப்பான். அந்தச் சின்னச் சட்டை எப்படி அவனுக்கு அளவாகும்? இவ்வளவு வருசத்தில் ஒரு விரற்கடைகூட வளராதவனுக்குத்தான் அது அளவாகும்.

தொலைபேசி அடித்தது. குசினிக்கு ஓடிவந்து எடுத்தாள். நடாலி பேசவில்லை, பாட்டுத்தான் கேட்டது, ஆர்மோனியம், இருமல், குழந்தை ஒன்றின் அழுகை. பற்றிமா தொலைபேசியை மேசையில் வைத்தாள். வெளியே மாடிப்படி விளக்குப் பற்றியது. கதவின் கீழ் இடுக்கில் மஞ்சள் கோடு. காலடிச் சத்தம் இல்லை. கொஞ்சநேரத்தில் விளக்குத் தானாக அணைந்தது.

நடைக்கூடத்தில் சொட்டுச் சத்தம்.

அவள் அடுப்பின் பக்கம் திரும்பி நின்றாள். பெற்ற பிள்ளைக்கு ஒரு தாய் பயப்படுவாளா? அவளுக்குப் பயமாக இருந்தது. கைகள் தம்பாட்டில் பிட்டைத் தட்டில் கொட்டின, குழம்பை ஊற்றின. பின்னால் கதிரை இழுபட்டது.

சாமியார் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்.

"அந்தோனிப்பிள்ளை... மரியபுஷ்பம்..."

யன்னல் கண்ணாடியில் ஆவி வடிந்து ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டுக்குள் குசினி தெரிந்தது. மேசை. தட்டு. நீலக் கட்டம். தோளில் அளவாக உட்கார்ந்திருந்தது சட்டை, தைத்து எடுத்ததுபோல.

"சூசைதாசன்..."

கை மேசையிலிருந்து எழும்பியது. ஒவ்வொரு பெயருக்கும் இன்னும் கொஞ்சம். தோள்மட்டத்துக்கு. காதுமட்டத்துக்கு. தன் பெயருக்காகக் காத்திருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளையின் கை.

பற்றிமாவுக்கு விளங்கியது. பெயரை வாசித்தால் அவன் போய்விடுவான். மறுபடியும் கையைத் தூக்கி, மறுபடியும் எழும்பி, அவள் பார்த்துக்கொண்டிருக்கப் போய்விடுவான். ஒருமுறை விட்டது போதும்.

"பிலோமினா... ஞானப்பிரகாசம்... கொ—"

பாய்ந்து தொலைபேசியை அமத்தினாள்.

அமைதி. சொட்டுச் சத்தம் மட்டும்.

"சரி ராசா," என்றாள். "ஒருத்தரும் கூப்பிட மாட்டினம். நீ சாப்பிடு."

திரும்பிப் பார்த்தாள்.

பத்தொன்பது வயது முகம்தான். அவள் பெற்ற முகம்தான். கண் இருக்கவேண்டிய இடத்தில் சேறு இருந்தது, ஈரமாக, அவள் வாயைப் பார்த்தபடி. சட்டைக் கையிலிருந்து வடிந்த தண்ணீர் தட்டில் விழுந்தது. பிட்டு ஊறி ஊதியது. தட்டு நிரம்பியது. மேசை விளிம்பால் வழிந்தது.

கை இறங்கவில்லை. தூக்கியது தூக்கியபடி நின்றது, தோல் வெளுத்து, விரல் நுனிகள் சுருங்கி. இவ்வளவு வருசமும் இப்படித்தான் நின்றிருக்கிறது. பெயர் வருமென்று.

தொலைபேசி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை. அசையவே இல்லை. தண்ணீர் அவள் பாதத்துக்கு வந்தது, கணுக்காலுக்கு வந்தது. தண்ணீருக்குள்ளே சேறு கால்விரல்களுக்கிடையில் புகுந்தது. மாடிப்படி விளக்குப் பற்றியது. இந்தமுறை காலடிச் சத்தம் கேட்டது, சப்பாத்துப் போட்ட, உயிருள்ள காலடி.

"அம்மா! நான்தான். கதவைத் திறவுங்கோ. ஏன் போனை வைச்சனீங்கள்? அம்மா!"

அவனுடைய மற்றக் கை மேசைக்கு மேலால் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. குளிர். விடவில்லை.

"அம்மா, என்ன இது, கதவுக்குக் கீழால தண்ணி வருது! அம்மா!"

பிள்ளை, உள்ளே வராதே என்று கத்த நினைத்தாள். அதைவிட இதை முடிக்கவேண்டும். அவன் பெயரைச் சொல்லிவிடவேண்டும், ஒருமுறை, உரத்து. அவன் போகட்டும். கடவுளே, அவன் போகட்டும். இருக்கிற பிள்ளை வாசலில் நிற்கிறாள்.

பற்றிமா வாயைத் திறந்தாள்.

பெயர் வரவில்லை. உப்புத் தண்ணீர் வந்தது. கறுப்பாக, சூடில்லாமல், அவள் நாடியால் வழிந்து கவுணில் சொட்டியது. இன்னும் வந்தது. நடாலி கதவில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தாள். எதிரே சேற்றுக் கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கை தலைக்கு மேலே தூக்கியபடி நின்றது.