பானெட்டுக்குள் அக்கா... முப்பத்தைந்தாயிரம் தள்ளுபடி!

லோர்னாவின் உடல் கச்சிதமாகப் பொருந்தியது.

முழங்காலை மட்டும் கொஞ்சம் மடக்க வேண்டியிருந்தது.

கர்ட்டிஸ் பிரெக்கே தன் புது எலெக்ட்ரிக் பிக்-அப் ட்ரக்கின் பானெட்டை அழுத்தி மூடினான்.

க்ளிக்!

எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் எஞ்சின் இல்லை. ஒரு பெரிய பெட்டி. இப்போது அந்தப் பெட்டியில் அவன் அக்கா!

பத்து நிமிடம் முன்புதான் டிராக்டர் ஷெட்டில், பின்னால் வந்து, ஸ்பானரால் தலையில் ஒரே போடு. அப்பா விட்டுப்போன அறுநூறு ஏக்கரை விற்கக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். இனி அந்தக் கை எங்கும் கையெழுத்துப் போடாது. கீழே விழுந்தவளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். துடிப்பு இல்லை.

திட்டம் எளிமையானது. நூற்று நாற்பது மைல் தள்ளி ஓர் ஏரி. பனி உறைந்த ஏரியில் ஓர் ஓட்டை. மார்ச் மாதம் வரை மீன்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. கொலைகாரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வாங்கி இரண்டு நாள்தான் ஆகிறது. பழைய டீசல் ட்ரக்கைக் கொடுத்துவிட்டு டீலர் டென்னி வாஸிடம் வாங்கியது. எண்பத்து நாலாயிரம் டாலர் வண்டி நாற்பத்தொன்பதாயிரத்துக்கு! தள்ளுபடித் தொகையைக் கேட்ட பிறகு டென்னி சொன்ன வேறு எதுவும் கர்ட்டிஸின் காதில் ஏறவில்லை. முந்நூறு மைல் ஓடும் என்றது மட்டும் ஏறியது.

வடக்கு டகோட்டாவின் ஜனவரியில் அந்த முந்நூறு என்ன ஆகும் என்று டென்னி சொல்லவில்லை. கர்ட்டிஸும் கேட்கவில்லை.

அறுபத்தைந்தாவது மைலில் திரை சிவப்பாக மின்னியது.

மீதம்: பதினோரு மைல்!

"அடப்பாவி டென்னி...!"

*

விக்டால் ஊரில் ஒரே ஒரு சார்ஜர். ஜூன் கஃபேயின் பின்சுவரில். சனிக்கிழமை காலை பதினொரு மணி... அதாவது சுற்றுவட்ட விவசாயிகள் அத்தனை பேரும் உள்ளே காப்பியோடு உட்கார்ந்திருக்கும் நேரம்.

கர்ட்டிஸ் ஒயரைச் சொருகினான். உள்ளே கம்பளி, மேலே தோல் என்று இரட்டைக் கையுறை போட்டும் விரல் விறைத்தது. பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி.

ஐம்பது நிமிடம் ஆகும் என்றது திரை.

கதவு திறந்தது. ஆர்வில் ஸ்டென்சன் வந்தார். எழுபது வயது, முப்பது ட்ரக் பார்த்த கண். பின்னாலேயே நாலு பேர்.

"உஃப் டா! கர்ட்டிஸ், கடைசியில நீயுமா பேட்டரி வண்டி வாங்கிட்டே?"

"தள்ளுபடியில கிடைச்சுது, ஆர்வில்."

"எவ்வளவு?"

"முப்பத்தஞ்சாயிரம்!"

ஆர்வில் விசிலடித்தார். "நல்ல காளைக்கு எவனாவது அவ்வளவு தள்ளுபடி தருவானாப்பா? ஏதோ நோவு இருக்கு. திற, பார்ப்போம்!"

"எ... எதை?"

"பானெட்டைத்தான்டா! புது வண்டின்னா வேற எதைப் பார்ப்பாங்க?"

இந்த ஊர்ப்பக்கம் ஒருவன் புது வண்டி வாங்கினால் பானெட்டைத் திறக்க வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று ஒன்றும் புரியாவிட்டாலும் தலையாட்ட வேண்டும். குழந்தை பிறந்த வீட்டில் தொட்டிலை எட்டிப் பார்ப்பது மாதிரி. மறுத்தவன் எவனும் கிடையாது.

"அதுக்குள்ள எஞ்சினே இல்ல, ஆர்வில்."

"அதைத்தான் பார்க்கணும்ங்கறேன்! இல்லாத எஞ்சினை எப்ப பார்க்கறது?"

"பனியில... மூடி ஒட்டிக்கிச்சு."

"நான் ஒரு குத்து விடறேன், திறந்துக்கும்."

"வேணாம்!"

அலறலாகவே வந்துவிட்டது. ஐவரும் அவனைப் பார்த்தார்கள்.

"பெயின்ட்... பெயின்ட் போயிடும்," என்று இளித்தான் கர்ட்டிஸ்.

"நாற்பத்தொன்பதாயிரம் போயிடுச்சு, பெயின்ட் போனா என்ன? சரி, உள்ள வா. இந்தக் குளிர்ல வண்டிக்குப் பக்கத்துல எவன் காவல் நிப்பான்? பைத்தியம்னு நினைப்பாங்க."

சந்தேகம் வரக்கூடாது. திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உள்ளே போனான் கர்ட்டிஸ்.

கஃபேயின் ஜன்னல்கள் எல்லாம் தெருப் பக்கம். பின்சுவரில் ஒன்றுகூட இல்லை!

*

"அப்ப பெட்ரோல் செலவு மிச்சம்," என்றாள் கடைக்காரி ஜூன், காப்பியை ஊற்றிக்கொண்டே.

"மிச்சமான காசை உன்கிட்டதான் குடுக்கணும்," என்றார் ஆர்வில். "சார்ஜ் ஏறுற வரைக்கும் இவன் இங்க அஞ்சு காப்பி குடிச்சு, ரெண்டு ஆப்பிள் பை தின்னே ஆகணும்."

எல்லாரும் சிரித்தார்கள். கர்ட்டிஸும் சிரித்தான்.

"கரென்ட் போனா மூணு நாள் வீட்டுக்கே விளக்கெரிக்கும்," என்றான்.

"வீட்டை எரிக்கும்னு சொல்லாம விளக்கெரிக்கும்னியே, நல்லவேளை!" என்றார் ஆர்வில். "ஆமா, உங்க அக்கா லோர்னா என்ன சொன்னா?"

கோப்பை தளும்பியது.

"அக்காவா...? அவளுக்கு... இடம் தாராளமா இருக்குன்னு தோணிச்சு."

"லோர்னாவா பாராட்டினா? அவ சர்ச்சுல பாதிரியாரையே பாராட்ட மாட்டாளேப்பா!"

நாற்பது நிமிடம் ஊர்ந்தது. இன்னும் பத்தே நிமிடம்... இதோ தப்பித்துவிட்டோம்...

கதவு படீரென்று திறந்தது.

டெபுடி மார்லிஸ் ஓபெர்க்! இடுப்பில் துப்பாக்கி, தொப்பியில் பனி. அந்த ஊரின் மொத்த போலீஸ்.

"ஜூன், சூடா ரெண்டு காப்பி. கட்டிக் குடு." கண் கர்ட்டிஸ் மேல் விழுந்தது. "பின்னாடி நிக்கற வண்டி உன்னுதா?"

"ஆ... ஆமா மேடம்."

"எங்க ஆபீஸுக்கும் இதே மாதிரி வாங்கலாமான்னு யோசிக்கறாங்க. குடுத்த காசுக்குத் தேறுமா?"

"தேறும் மேடம். ரொம்ப..."

"அப்ப பானெட்டைத் திறந்து காட்டேன்."

"ஒட்டிக்கிச்சாம்!" என்று போட்டுக் கொடுத்தார் ஆர்வில். "நானும் கேட்டுப் பார்த்துட்டேன்."

"அதுக்கென்ன, டீலர் டென்னியைக் கேட்போம்." மார்லிஸ் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"கர்ட்டிஸ் வண்டியா?" டென்னியின் குரல் குதூகலித்தது. "அதைத் திறக்கற ஆப் இன்னும் என் போன்லதான் இருக்கு டெபுடி, அவன் பேருக்கு மாத்தவே இல்ல! நான் இங்கிருந்தே திறந்து விடறேன். பார்த்துட்டு உங்க ஆபீஸுக்கு எத்தனை வேணும்னு சொல்லுங்க!"

"வேணாம் டென்னி! திறக்காதே!"

யாரும் கேட்கவில்லை. மொத்தக் கஃபேயும் கோட்டை மாட்டிக்கொண்டு பின்பக்கம் ஓடியது. மார்லிஸின் கை கர்ட்டிஸின் தோளில் இருந்தது. நட்பாகத்தான். ஆனால் எடுக்கவில்லை.

"எல்லாரும் ரெடியா?" என்றது போன்.

க்ளிக்!

பானெட் மெதுவாக... மிக மெதுவாக... தானே உயர்ந்தது.

கர்ட்டிஸ் கண்ணை மூடிக்கொண்டான். அலறல் வரும் என்று காத்திருந்தான்.

வரவில்லை.

"ஃப்பூ...!" என்றார் ஆர்வில். "ஒண்ணுமே இல்ல! இதுக்கா இவ்வளவு பிகு பண்ணினே?"

கர்ட்டிஸ் கண்ணைத் திறந்தான்.

பெட்டி காலி!

சும்மா இருந்திருக்கலாம். சிரித்திருக்கலாம். வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் மூளையை முந்திக்கொண்டு வாய் போய்விட்டது.

"எங்க போனா...? செத்தவ எப்படி எழுந்து போவா!"

"யாரு கர்ட்டிஸ்?" என்றாள் மார்லிஸ், ரொம்ப அன்பாக.

போலீஸ் காரின் பின்கதவு திறந்தது. கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து லோர்னா இறங்கினாள். தலையில் கட்டு. முகத்தில் அறுபது வருடக் கோபம்.

"நான்தான்டா!"

"பின்னால இருந்து அடிச்சதால யாருன்னு பார்க்கலைன்னு லோர்னா சொன்னா," என்றாள் மார்லிஸ், விலங்கை மாட்டிக்கொண்டே. "இருட்டுல முழிச்சிருக்கா. ஆள் நடமாட்டம் ஓயற வரைக்கும் சத்தம் போடாம இருந்து வெளியே வந்தவ, நேரா என் கார்ல வந்து விழுந்தா. பானெட்டை நான்தான் பழையபடி மூடி வெச்சேன். வண்டி உன்னுதுன்னா மட்டும் போதாதே? உன் வாயால ஒரு வார்த்தை வேணும்னு நினைச்சேன். நீ ரெண்டு வாக்கியமே குடுத்துட்டே. நன்றி."

"ஆனா... நாடி பார்த்தேனே! துடிப்பே இல்லியே!"

"எப்படிப் பார்த்தே?"

கர்ட்டிஸ் தன் கையைப் பார்த்தான்.

எல்லாரும் பார்த்தார்கள்.

கம்பளிக்கு மேல் தோல். இரட்டைக் கையுறை!

"கையுறையோடவா...?" ஆர்வில் தலையில் அடித்துக்கொண்டார். "அதைப் போட்டுக்கிட்டுத் தொட்டா ஓடற டிராக்டரே செத்துப்போச்சுன்னு தோணுமேடா!"

"நான் போட்டிருந்தது மூணு குல்லா," என்றாள் லோர்னா. "கூடப் பொறந்தவனுக்கு என் மண்டை எவ்வளவு கெட்டின்னும் தெரியல." அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. திரும்பிக்கொண்டாள்.

கர்ட்டிஸ் முனகினான். "பூட்டித்தானே இருந்துச்சு... எப்படி வெளியே வந்தே?"

போனிலிருந்து டென்னி இன்னும் போயிருக்கவில்லை. "அன்னிக்கே சொன்னேனே கர்ட்டிஸ்! உள்ள யாராவது மாட்டிக்கிட்டா இழுக்கறதுக்கு ஒரு கைப்பிடி இருக்கு, இருட்டுல பச்சையா மின்னும்னு! நீ தள்ளுபடி, தள்ளுபடின்னு தலையாட்டிக்கிட்டே இருந்தே!"

மார்லிஸ் அவனைக் காரில் ஏற்றினாள். காப்பி ஒன்று லோர்னாவின் கைக்குப் போனது.

ஆர்வில் மட்டும் காலிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"லோர்னா, தப்பா நினைக்காதே. இந்த ஊர்ல இதுக்குள்ள போய் வந்தவ நீ ஒருத்திதான். சொல்லு... இந்த வண்டி நாற்பத்தொன்பதாயிரத்துக்குத் தேறுமா?"

லோர்னா ஒரு வாய் காப்பி குடித்தாள்.

"அந்தப் பச்சைக் கைப்பிடி ஒண்ணுக்கே குடுக்கலாம், ஆர்வில். ஆனா குடும்பத்தோட போறதுக்கு... முன்னாடி காலை நீட்ட இடம் பத்தாது!"