பதினேழாவது பெயர்

"ஓட்டு வேணும்னா எங்க அப்பாவைப் போய்க் கேளுங்க!"

கத்திய பிறகுதான் சாந்தாமணிக்கே தெரிந்தது, தான் கத்திவிட்டோம் என்று.

காலேஜ் முகப்பில் ஆடிச் சாரலுக்கு ஒதுங்கி நின்றிருந்தாள். துடியலூரிலிருந்து வர வேண்டிய வண்டி இன்னும் வரவில்லை. எதிரே ஒரு பையன்... நெஞ்சோடு அணைத்த நோட்டீசுக் கட்டு, நெற்றியில் ஒட்டிய ஈர முடி. ஓடி வந்த வேகத்தில் அவள் முன்னால் வந்து நின்றவன், திட்டு வாங்கிக்கொண்டு முழித்தான். கண்கள் மட்டும் ரொம்பப் பெரிசு. திட்டியவளுக்கே பாவமாகிவிட்டது.

"நான் ஓட்டுக் கேக்க வரலீங்க... காயிதம் நனையுதுன்னு ஒதுங்குனேனுங்க."

"அய்யோ... தெரியாமச் சொல்லிப்போட்டேனுங்க."

"பரவால்லீங்க அம்மணி." அவன் தூணுக்கு அந்தப் பக்கம் போய் மரியாதையாக நின்றுகொண்டான். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கி, "ஆனா ஒண்ணு கேக்கறேனுங்க... ஓட்டு உங்களுது. உங்க அப்பாவை எதுக்குக் கேக்கோணும்?" என்றான்.

சாந்தாமணி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். இதைத்தானே ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்!

அந்த முப்பத்தேழாம் வருஷம் ஊர் முழுக்க எலெக்ஷன் ஜுரம். பிப்ரவரியில் பெரியவர்கள் கலர் கலர் பெட்டிகளில் ஓட்டுப் போட்டார்கள். ஜூலையில் காலேஜ் யூனியனும் அதே மாதிரி செய்யக் கிளம்பிவிட்டது. தலைவர் பதவிக்கு இரண்டு பேர். மிராசுதார் மகன் செங்கோட்டையனுக்கு மஞ்சள் பெட்டி, மில்காரர் மகன் சுந்தரராஜுலுவுக்குப் பச்சைப் பெட்டி. இவன் ஒரு நாள் காபி கிளப்பில் ரவா தோசை வாங்கிக் கொடுத்தால், அவன் மறுநாள் அல்வாவோடு வாங்கிக் கொடுப்பான். பையன்களுக்குக் கொண்டாட்டம். சாந்தாமணியிடம் மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்பிள்ளையிடம் எப்படிப் பேசுவது? அதனால் செங்கோட்டையன் ஞாயிற்றுக்கிழமை காரில் துடியலூருக்கே வந்து, அவள் அப்பா நாச்சிமுத்துக் கவுண்டரோடு உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, "நம்ம கூட்டத்துப் புள்ள ஓட்டு நமக்குத்தானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்பாவும், "அதுக்கென்னங்க, சொல்லிப்போடறேன்" என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற ஓட்டுக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓட்டு மட்டுமா... அந்தக் காலேஜில் அவளிடம் யாருமே எதுவுமே பேசுவதில்லை. போன வருஷம் ராமாமணியும் சாஜிதா பேகமும் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் கல்யாணமாகி, படிப்பு நின்றுபோயிற்று. இப்போது இருநூறு பையன்களுக்கு நடுவே அவள் ஒருத்தி. லேடீஸ் ரூம் என்று ஓர் அறை. அதில் ஒரு பெஞ்சு, ஒரு ஜன்னல். மணி அடித்ததும் புரொபசர் வந்து வாசலில் செருமுவார். அவர் பின்னாலேயே போய் முதல் வரிசையில் தனி நாற்காலியில் உட்கார வேண்டும்; முடிந்ததும் அவர் பின்னாலேயே திரும்பி வந்துவிட வேண்டும். அட்டெண்டன்ஸுக்கு "எஸ் சார்" என்று சொல்வதுதான் அவளுடைய நாள் முழுவதற்குமான பேச்சு. அந்த "எஸ் சார்" கூடச் சில நாள் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்... பேசிப் பழக்கமில்லாத தொண்டை.

"உங்களுக்கு என்னங்க வேணும்?" தூணுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"எனக்கா?"

"ஆமாங்க. யாராவது ஜெயிச்சு ஒண்ணு செய்யோணும்னா... உங்களுக்கு என்ன வேணும்?"

அவளுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. இதற்குப் போய் யாராவது அழுவார்களா?

"வாசிப்பறைக்குள்ள நான் போனதே இல்லீங்க. எப்பவும் ஆம்பளைப் பசங்க இருப்பாங்க. தெனம் ஒரு மணி நேரம்... ஒரே ஒரு மணி நேரம் பொம்பளைங்களுக்குன்னு உட்டாப் போதும். உங்களுக்குங்க?"

"ஆஸ்டல்ல குடிக்கறதுக்கு நல்ல தண்ணிங்க. கெணத்துத் தண்ணி வாயில வைக்க முடியாத உப்பு. டவுனுக்கே சிறுவாணி வந்துபோச்சு, எங்களுக்கு இன்னும் வரலை. வருசா வருசம் நிக்கறவங்க எல்லாம் கொண்டாரேன்னு சொல்லுவாங்க. இதோ பாருங்க..." கட்டிலிருந்து இரண்டு நோட்டீசை உருவிக் காட்டினான். ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. இரண்டிலும் முதல் வரி சிறுவாணித் தண்ணீர். இரண்டிலும் ஒரே அழகான கையெழுத்து.

"ஏனுங்க, ரெண்டும் ஒரே கை மாதிரி இருக்குது?"

"என் கைதானுங்க. எழுத்து நல்லா இருக்குதுன்னு ரெண்டு பேருமே என்கிட்டயே குடுத்துப்போட்டாங்க."

சாந்தாமணி சிரித்துவிட்டாள். அந்தக் கட்டடத்துக்குள் அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்புச் சத்தம் அவளுக்கே புதிசாகக் கேட்டது. அவன் மழையைப் பார்ப்பதை மறந்து அவளையே பார்த்தான்... அவள் பார்த்ததும் மறுபடியும் அவசரமாக மழையைப் பார்த்தான்.

வண்டி வந்துவிட்டது. அவள் ஏறும்போது, கேட்காமலேயே அவன் சொன்னான்: "நானு வெள்ளியங்கிரிங்க. கெணத்துக்கடவு."

மூன்று நாள் கழித்து, புரொபசர் பின்னால் போய்க்கொண்டிருந்தவளின் கால் சுவர் அருகே தானாக நின்றது. புது நோட்டீசுகள். மஞ்சளில் கடைசி வரி: 'மாணவிகளுக்கு வாசிப்பறையில் தினம் ஒரு மணி நேரம்.' பக்கத்தில் பச்சை. அதிலும் கடைசி வரி அதேதான்! அந்த இரண்டு பேருக்கும் இந்த யோசனை ஏழு ஜென்மத்துக்கும் வந்திருக்காது. எழுதியவன் தானாகச் சேர்த்திருக்கிறான். எதிராளி நோட்டீசில் இருக்கும்போது தன் நோட்டீசிலிருந்து அடிக்க இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

"என்னம்மா?" என்றார் புரொபசர்.

"ஒண்ணுமில்லை சார்."

ஒன்றுமில்லையாம்! அன்றைக்கு முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் கையெழுத்தை மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்தாள்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு ஒரே நாள்தான்.

மறுநாள் காலை சாப்பிடும்போது அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு காகிதத்தை விரித்தார். செங்கோட்டையன் கொடுத்துவிட்டுப் போன லிஸ்ட்.

"பாரு கண்ணு, காலேஜுல நம்ம காடை கூட்டத்துப் பசங்க மட்டும் பதினேழு பேராமா! உனக்கு அத்தனை அண்ணந் தம்பிங்க இருக்கறாங்க, நீ என்னமோ தனியா இருக்கறேங்கறயே..." ஒவ்வொரு பெயராக ஊரோடு வாசித்தார். கடைசியில், "பதினேழு... கெணத்துக்கடவு வெள்ளியங்கிரி."

கையிலெடுத்த கவளம் இலையிலேயே விழுந்தது.

கவுண்டர்களில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தது. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் முன்பின் பார்த்திராவிட்டாலும் பங்காளிகள், அண்ணன் தங்கை. அவர்களுக்குள் கல்யாணம் என்று நினைப்பதே பாவம். நாலு ராத்திரியாக அவள் நினைத்துக்கொண்டிருந்தது என்னவோ... அதை வெளியே சொல்லவே நாக்குக் கூசும்.

ஓட்டுக்குப் போய்க் கூட்டம் பார்க்கிறார்களே என்று எரிந்து விழுந்தவள்தான் அவள். இப்போது அதே கூட்டம் அவள் மனசுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொண்டது. அதை மட்டும் அவளால் எரிந்து விழுந்து விரட்ட முடியவில்லை.

அன்று மத்தியானம் தாழ்வாரத்தில் அவன் எதிரே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. நோட்டீசைப் பார்த்தீர்களா என்று கண்ணாலேயே கேட்டான்.

சாந்தாமணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பாத்தேனுங்க... ரொம்ப நன்றிங்க அண்ணா."

சிரிப்பு அப்படியே நின்றது. வெள்ளியங்கிரி ஒதுங்கி வழி விட்டான். அவனுக்குத் தெரிந்தவரை, வயசுப் பெண் ஒருத்தி ஒருவனை அண்ணா என்று அழைத்தால், எட்ட நில் என்று மரியாதையாகச் சொல்கிறாள், வேறு அர்த்தமில்லை. அவனுக்கும் மானம் உண்டே... அதன் பிறகு அவள் இருக்கும் பக்கமே அவன் வரவில்லை.

ரூம், பெஞ்சு, ஜன்னல். முன்பும் இதேதான் இருந்தது. ஆனால் இப்போது மணி நகரவே மாட்டேன் என்றது.

வியாழக்கிழமை ஓட்டு. ஹாலில் பையன்கள் வரிசையாக நின்று போட்டார்கள். பெண்பிள்ளை அங்கே வரக்கூடாது என்பதால் பெட்டிகள் அவளைத் தேடி வந்தன. பியூன் அரங்கசாமி இரண்டு கக்கத்திலும் இரண்டு பெட்டிகளோடு நுழைந்தான். பின்னால் நோட்டும் பேனாவுமாக வந்தவனைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். வெள்ளியங்கிரி! இரண்டு கட்சிக்கும் பொதுவான ஆள் வேண்டும் என்று தேடியபோது, இரண்டு பேருக்கும் நோட்டீசு எழுதியவன்தான் கிடைத்திருக்கிறான்.

"சீக்கிரம் போட்டுருங்க அம்மணி, பெட்டி கனக்குது" என்று பெட்டிகளைப் பெஞ்சில் வைத்தான் அரங்கசாமி.

"காயிதம் கனக்குமாங்க?"

"எலெக்ஷன் காயிதம் கனக்குமுங்க" என்று சொல்லிவிட்டு, வெற்றிலைப் பையை அவிழ்த்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

வெள்ளியங்கிரி நிமிர்ந்தே பார்க்காமல் சீட்டை நீட்டினான். அவள் வாங்கி மடித்தாள். மஞ்சள் பெட்டிக்குப் போனாள். ஒருநாள்கூட அவளைப் பார்த்துப் பேசாத செங்கோட்டையன்... பச்சைக்குப் போனாள். அவள் ஒருத்தி இருப்பதே தெரியாத சுந்தரராஜுலு... கை மேலே போகவே மாட்டேன் என்றது.

"ரெண்டுலயும் போடலைன்னா என்னங்க ஆகும்?"

"சீட்டைத் திருப்பிக் குடுத்துப்போடலாமுங்க. யாருக்கும் இல்லைன்னு எழுதிக்குவேன்."

"அப்படி யாராச்சும் குடுத்தாங்களா?"

"ஒருத்தன் குடுத்தானுங்க."

"யாருங்க?"

"நாந்தான்."

சாந்தாமணிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "உங்க கூட்டத்துக்காரரே நிக்கறாரு... அவருக்குமா போடலைங்க அண்ணா?"

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"எங்க கூட்டத்துக்காரரா... யாரு?"

"செங்கோட்டையந்தான். நீங்களும் எங்களாட்டம் காடைதானுங்களே? எங்க அப்பாகிட்ட லிஸ்ட் இருக்குது. பதினேழாவது பேரு உங்களுது."

வெளியே சாரல் சடசடவென்று அடித்தது. அவன் மெல்ல நிமிர்ந்தான். அந்தப் பெரிய கண்கள் அன்றைக்கு முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தன.

"அதனாலதான் அண்ணான்னு கூப்புட்டீங்களா?"

"வேற எப்படிங்க கூப்புடறது?" குரல் உடைந்துவிட்டது. கண் நிறைந்து, எதிரே இருந்த மஞ்சளும் பச்சையும் கலங்கின.

"நான் காடை இல்லீங்க அம்மணி."

"என்னங்க?"

"தூரன் கூட்டமுங்க. எங்க அம்மாதான் காடை. எனக்கு மூணு வயசு இருக்கறப்பவே எங்க அப்பா போயிட்டாரு. மாமன் ஊட்டுலதான் வளந்தேன். வருசா வருசம் மாமங்கூட அவிய கூட்டத்துக் கோயில் நோம்பிக்குப் போவேனுங்க. செங்கோட்டையன் என்னை அங்க பாத்துப்போட்டு, நானும் பங்காளின்னு எழுதிக்கிட்டான்."

"அப்பவே இல்லைன்னு சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்று கேட்டாள். ஏழு நாள் அழுகை அத்தனையும் அந்தக் கேள்வியில் இருந்தது.

"சொல்லியிருக்கலாமுங்க..." அவன் பேனாவின் மூடியைத் திருகினான். "ஆஸ்டல்ல ரெண்டு வருசமா இருக்கறேன். நோட்டீசு எழுதோணும்னா கூப்புடுவாங்க. எழுதி முடிச்சா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. மொதத் தடவையா ஒருத்தன் என்னை நம்மாளுன்னு ஒரு லிஸ்ட்டுல எழுதினான். தப்புன்னு தெரிஞ்சுதான் இருந்துது. இருந்துட்டுப் போகட்டும்னு உட்டுட்டேனுங்க."

அவளுக்கு அது புரிந்தது. அந்தக் காலேஜில் அது புரிகிற ஒரே ஆள் அவள்தான்.

"இன்னைக்கே அந்தப் பேரை அடிக்கச் சொல்லிப்போடறேனுங்க."

"ஏனுங்க?"

"எனக்கு யாரும் இல்லாமப் போனாலும் பரவால்லீங்க..." வார்த்தை சிக்கிச் சிக்கி வந்தது. "உங்களுக்கு மட்டும் என்னால அண்ணனா இருக்க முடியாதுங்க."

சாந்தாமணி காது வரைக்கும் சிவந்துபோனாள். மனசு அதற்குள் கணக்குப் போட்டு முடித்துவிட்டது. அவன் தூரன். அவன் அம்மா காடை. அவளும் காடை. அம்மா பிறந்த கூட்டத்தில் பெண் எடுப்பது கொங்கு நாட்டில் குறுக்கே யாரும் பேச முடியாத முறை. அப்பாவே லிஸ்டை மடித்து வைத்துவிட்டு, வாங்க மாப்பிள்ளை என்று சொல்லித்தான் ஆக வேண்டும்!

"ஆச்சுங்களா?" வாசலிலிருந்து அரங்கசாமி குரல் கொடுத்தான்.

அவள் சீட்டை நோட்டின் மேல் வைத்தாள். "யாருக்கும் இல்லைன்னு எழுதிக்குங்க."

எழுதினான். அந்த அழகான கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று. பெட்டிகளை எடுக்க அரங்கசாமி வந்துகொண்டிருந்தான். இன்னும் நாலு எட்டு. அவன் வந்துவிட்டால் மறுபடியும் இந்த ரூம், இந்தப் பெஞ்சு...

"ஏனுங்க..." என்றாள் அவசரமாக, தலையை நிமிர்த்தாமல், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில். "இந்த ரூம்ல தனியா இருந்து எனக்குப் பழகிப்போச்சுங்க. நீங்க பேசுனதுக்கு அப்புறந்தான் தனியா இருக்க முடியலை. எனக்கு உங்களைப் புடிச்சிருக்குதுங்க."