உதறும் சத்தம்

வடிகட்டியில் மறுபடி பஞ்சு இருந்தது.

காலையில்தான் நெவில் வாஷிங் மெஷினின் கீழ்மூடியைத் திருகித் திறந்து, வடிகட்டியைக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்த்து, வெயிலில் காயவைத்து மாட்டியிருந்தார். அதன் பிறகு ஒரு கைக்குட்டைகூட உள்ளே போகவில்லை. வினிகரும் சோடா மாவும் போட்டு, கொதிநீரில் வெறும் மெஷினை ஒருமுறை ஓடவிட்டதோடு சரி. இப்போது வடிகட்டியில் ஒரு பிடி சாம்பல் நிறப் பஞ்சு. தண்ணீருக்குள்ளிருந்து வந்தது, ஆனால் காய்ந்திருந்தது. விரலில் எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினார். உள்ளே முடியைவிட மெல்லிய இழைகள் மின்னின.

கல்நார், ஆஸ்பெஸ்டாஸ். அவருக்குத் தெரியாதா என்ன? வேலைக்காலம் முழுக்க அதை சிமெண்டில் குழைத்து ஷீட் வார்த்த கை அது. ஆனால் அந்தத் தொழிற்சாலையை இடித்துத் தள்ளி எத்தனையோ வருஷமாகிவிட்டது. இந்த மெஷினோ, மனைவி மோரீன் இறந்த பிறகு வாங்கியது.

போன் அடித்தது. மகள் கெரின்.

"மெஷினைக் கழுவிட்டியாப்பா? பாப்பா துணி ஒரு மூட்டை கொண்டு வர்றேன். போன தடவை மாதிரி பூஞ்சை நாத்தம் அடிச்சுதுன்னா, உன்னையே உள்ள போட்டுச் சுத்த விட்டுருவேன்."

"கழுவிக்கிட்டேதான் இருக்கேன் கண்ணு."

அவள் இருமினாள். சில வாரங்களாகவே அந்த இருமல் இருந்தது. மறுமுனையில் அது ஓயும்வரை அவர் காத்திருந்தார்.

"டாக்டர் ஒண்ணு கேட்டார்ப்பா. சின்ன வயசுல கல்நார் தூசி பட்டிருக்கான்னு. அம்மா நுரையீரல்ல அது போனது அந்தப் பழைய வீட்டுக் கூரையால, நான் பொறக்கறதுக்கு முன்னாடியேன்னு சொன்னேன். சரிதானே?"

அவர் தன் விரலில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிதான்."

போனை வைத்த பிறகு வீடு முன்பைவிட அமைதியாக இருந்தது. மெஷினின் வட்டக் கதவைத் திறந்து, வாயைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தின் மடிப்பை இழுத்துப் பிடித்து, துணியை உள்ளே விட்டுத் துடைத்தார். அழுக்கு நீரின் வாடை இல்லை. ஈர சிமெண்டின் வாடை, ஷிஃப்ட் முடிந்த மாலைகளில் அவர் தலைமுடியிலிருந்தே எழுந்த அதே வாடை, மெஷினின் அடிவயிற்றிலிருந்து மெல்ல ஏறி வந்தது. துணியில் பஞ்சு வந்தது. அலசிவிட்டுத் துடைத்தார். இன்னும் கொஞ்சம் வந்தது. மடிப்பின் அடியில் ஏதோ கடினமாக விரலில் இடறியது.

பித்தளைப் பொத்தான்.

அவருடைய வேலை உடுப்பின் பொத்தான். மோரீனின் நுரையீரலில் இருப்பது என்னவென்று தெரிந்த வாரத்தில், கொல்லையில் பீப்பாயில் போட்டு அவரே எரித்த உடுப்பு. பொத்தான் சூடாக இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

தட்.

கொல்லையிலிருந்து வந்தது. கனத்த உடுப்பை அதன் தோள்களில் பிடித்து ஓங்கி உதறும் சத்தம். மோரீன் அப்படித்தான் உதறுவாள், மெஷினில் போடுவதற்கு முன்பு, கம்பத்தின் உச்சியில் குடைபோல விரிந்து சுற்றும் துணிக்கொடியின் கீழே நின்றுகொண்டு. நடை பழகிய கெரின் அவள் காலடியில், விழுகிற வெள்ளைத் தூசியைக் கையேந்திப் பிடிப்பாள்.

'இது என்ன நெவ்? மூக்கெல்லாம் அரிக்குது.'

'ஒண்ணுமில்ல. மாவு மாதிரிதான்.'

அந்த வாரம்தான் மேலாளர், நெவில் உட்பட மேஸ்திரிகளை மட்டும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லியிருந்தார்: உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், குளியல் கொட்டகையில் மாற்றிவிட்டுப் போங்கள். கொட்டகையில் எப்போதும் வரிசை நின்றது. வரிசையில் நின்றால் பியர் கடையில் நண்பர்களோடு உட்கார நேரம் இருக்காது. அவ்வளவுதான் காரணம். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

மருத்துவமனையில், கடைசியில், மோரீன் கேட்டாள்: 'உனக்கு அப்பவே தெரியுமா?'

'யாருக்குமே தெரியாது' என்றார். அவள் கண்களை மூடும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்.

நெவில் சமையலறை ஜன்னலுக்குப் போனார். பிற்பகல் கடற்காற்று எழுந்து எலுமிச்சை மரத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தது. காற்றில் துணிக்கொடி சுற்றியிருக்க வேண்டும். சுற்றவில்லை. அதன் கீழே அவருடைய உடுப்பு அந்தரத்தில் நின்றது. தோள்கள் இரண்டும் யாரோ பற்றியதுபோலக் குவிந்திருந்தன. பற்றிய கை தெரியவில்லை.

தட். தட்.

தூசி எழுந்தது. காற்று கிழக்கே போனது. தூசி மேற்கே வந்தது. வீட்டை நோக்கி. அவரை நோக்கி.

ஜன்னலை இறக்கினார். பின்னால் வாசல் கதவு திறந்தது.

"ப்பா, நாங்க வந்துட்டோம்."

கெரின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகக் கொல்லைக் கதவுக்குப் போய் அதைத் திறந்தாள். தூசி அவளைத் தொடாமல் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது. குழந்தையின் வெள்ளைப் போர்வையில் ஒரு பொட்டுகூட விழவில்லை.

அவள் துணிக்கொடிப் பக்கம் பார்த்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"ப்பா. அது யாரோட உடுப்பு?"

சத்தம் நின்றது. வெளியே உடுப்பு பாதி உதறலில் அப்படியே நின்றது. காத்திருந்தது.

சொல்லிவிடலாம். இப்போது சொன்னால் நாளைக்கே அவள் டாக்டரிடம் சொல்வாள், எதைத் தேடுவதென்று அவருக்குத் தெரிந்துவிடும்.

"தெரியலியே கண்ணு" என்றார் நெவில். "பக்கத்து வீட்டுக்காரரோடதா இருக்கும்."

தட்.

தொண்டையில் ஏதோ அரித்தது. இருமினார். நாக்கில் ஒரு இழை. விரலால் பிடித்து இழுத்தார். வந்தது. சாம்பல் நிறம். காய்ந்தது. இன்னும் இழுத்தார். உள்ளே எங்கோ விலாவுக்கடியிலிருந்து அது பிரிந்து வருவது தெரிந்தது. சொல்லிவிடு. சொல்ல வாய் திறந்தார். வாய் நிறையப் பஞ்சு.

வெளியே யாரோ உடுப்பை நிதானமாக மடித்துக்கொண்டிருந்தார்கள்.

கெரின் அருகில் வந்து, அவர் காலடியில் குவிகிறதைக் குனிந்து பார்த்து, மூக்கைத் தேய்த்துக்கொண்டாள்.

"இது என்னப்பா?"

அவர் இழுத்துக்கொண்டே இருந்தார்.